வாசமில்லாத மருந்து

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்த விடவில்லை. "கதிரு வண்டிச் சத்தம் கேக்கு. இப்பதான் முக்குத் திரும்புதான், பொறுட்டி" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். எங்கள் மகன் கதிரேசனின் பைக் போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நசுங்கிக் கிடக்கிறது. பங்குனியில் கொண்டுபோய்ப் போட்டது. அவரும் கூட வந்து பார்த்தவர்தான்.

யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் தெருவே பேசும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்து கோணலாகத்தான் வரும். பலசரக்குக் கடையில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. எழுதிவிட்டால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

குடிதண்ணீர் வந்தது. எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

சாளை மீன் குழம்பு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார். அவர் ஓட்டுகிற லாரியின் ஓனர் ஆள் அனுப்பியிருந்தார், ஹார்பர் லோடு நிற்கிறது, டிரைவர் நயினார் வந்தால்தான் ஆகும் என்று. வந்தவனை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

ஜூன் 7, சனி

கம்பெனியில் இறால் உரித்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பைபாஸ் டீக்கடைக்காரர் பேசினார். "எக்கா, ஒங்க வீட்டுக்காரரு ரோட்டு நடுவுல நிக்காரு. லாரிக்காரன் எல்லாம் கத்திக்கிட்டுப் போறான். நான் கையப் பிடிச்சு இழுத்தா வர மாட்டேங்காரு." கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன்.

கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "அந்தப் பக்கம் நிக்காம்பாரு. கூப்பிடுதான். போவ விட மாட்டேங்கானுவ" என்றார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம்தான் இருந்தது. கதிரேசன் விழுந்த இடம் அது.

வண்டியை வாங்கிக் கொடுத்தது அவர். வேண்டாம், பஸ்ஸிலேயே போகட்டும் என்று நான் சொன்னேன். அதை இப்போது நாங்கள் இரண்டு பேரும் பேசுவதில்லை.

சாயந்திரம் அவருடைய அக்கா ராமலட்சுமி மதினி வந்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாள். "ஆவுட, இது சீக்கு இல்ல. புள்ள ஆசயோட செத்துருக்கான். அப்பன வுட மாட்டேங்கான். மேக்க கொண்டுபோய் ஒரு மாசம் போட்டுட்டு வந்துருவோம்."

மேற்கே ஒரு இடம் இருக்கிறது. பேய் பிடித்தவர்களை அங்கே கொண்டுபோய் வைப்பார்கள். எங்கள் சின்ன மாமனாரை அங்கேதான் வைத்தார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிது. தூண்களில் ஆட்களைக் கட்டியிருந்தார்கள். ஒரு பொம்பளை என் சேலையைப் பிடித்துத் தண்ணீர் கேட்டாள். சின்ன மாமா திரும்பி வந்தபோது கணுக்காலில் சங்கிலிப் புண் இருந்தது, வாயில் பேச்சு இல்லை. சாகும்வரை பேசவில்லை.

"பாப்போம் மதினி" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

கம்பெனியில் என் பக்கத்தில் நின்று உரிக்கிறவள் ஜெசிந்தா. நான் அழுததைப் பார்த்துவிட்டாள். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"இதுக்கா அழுத? எங்க கொழுந்தன் இதவிட மோசம். அருவாள எடுத்துட்டுத் திரிஞ்சான். டாக்டர்கிட்ட அவன் வரணும்னே இல்ல, நாம போயி சொன்னாப் போதும். சொட்டு மருந்து எழுதித் தருவாரு. கலரும் கெடையாது, வாசமும் கெடையாது. கொழம்புல வுட்டா சாமிக்கே தெரியாது."

"பாவம் இல்லியா ஜெசி?"

"ரோட்டுல சாவ வுட்டா புண்ணியமாக்கும்?"

அடுத்த இறாலை எடுத்து உரித்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

லீவு சொல்லிவிட்டுப் போனேன். பிரைவேட் டாக்டர். வரிசையில் நிறையப் பொம்பளைகள், எல்லோரும் தனியாகத்தான் வந்திருந்தார்கள். "ஆளக் கூட்டிட்டு வரலியா?" என்று கேட்டார். "வர மாட்டாரு சார்" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். காலையில் ஐந்து சொட்டு, ராத்திரி ஐந்து சொட்டு. அடுத்த வாரம் எப்படியாவது கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்னும் ஏதோ சொன்னார், இழுத்தால் நிறுத்து என்பது போல. அதற்குள் அடுத்தவள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பாட்டிலை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். ராத்திரிக் குழம்பில் புளி கொஞ்சம் கூடுதலாகக் கரைத்தேன்.

ஜூன் 11, புதன்

தூங்கினார். பங்குனிக்குப் பிறகு இப்போதுதான் குறட்டைச் சத்தம் கேட்டேன். நானும் தூங்கினேன்.

ஜூன் 14, சனி

கதவைச் சாத்தவிட்டார். ரோட்டுக்குப் போகவில்லை. ஆனால் முகத்தில் அசைவே இல்லை, மெழுகு பூசினதுபோல இருக்கிறது. சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே, "நாக்கு தடிச்சாப்ல இருக்கு. கொழம்புல என்னத்தப் போட்ட?" என்றார்.

"புளிதான் கூடிப்போச்சு."

என்னையே பார்த்தார். நான் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். குடம் நிரம்பி வழிந்தது, கவனிக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

நேற்றிலிருந்து ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறார். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிறார். படுத்தால் எழுந்துவிடுகிறார். காலுக்குள் எறும்பு ஓடுகிறதாம். திரும்பவும் வண்டிச் சத்தம் கேட்கிறதாம்.

மருந்து போதவில்லை போல. பத்தாக்கினேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய நாள் வரப்போகிறது. எப்படிக் கூப்பிடுவது? எதற்கு என்று கேட்பாரே.

ஜூன் 17, செவ்வாய்

மத்தியானம் தட்டில் சோறு வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். மூலையில் கிடக்கும் செவலை நாய்க்கு முன்னால் வைத்துவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாய் நக்கித் தின்றது. அப்புறம் நிழலுக்குப் போய்ப் படுத்தது. அவர் எழுந்து போய் அதன் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே வந்து, "கட்டுன பொண்டாட்டி சோத்த நாய்க்கு வச்சுப் பாக்க வேண்டியதாப் போச்சு" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை. குழாயடியில் நேரே வாயை வைத்துத் தண்ணீர் குடித்தார்.

ஜூன் 18, புதன்

மதினிக்குப் போன் செய்து சாப்பாடு கொண்டுவரச் சொன்னேன். அக்கா கையால் என்றால் சாப்பிடுகிறார். மதினிக்கு அதில் பெருமை. "நான் வளத்த புள்ளலா" என்றாள்.

அவள் கை கழுவப் போன நேரம் தூக்குவாளி என்னிடம்தான் இருந்தது.

ஜூன் 20, வெள்ளி

துணி எடுக்க வீட்டுக்கு வந்திருக்கிறேன். திரும்பப் போக வேண்டும். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

நேற்று மதினி இடியாப்பமும் சொதியும் கொண்டுவந்தாள். சாப்பிட்டார். முந்தின நாளும் ரோட்டுப் பக்கம் போகப் பார்த்தார் என்பதால் நான் சொட்டை எண்ணவில்லை. பாட்டிலைச் சாய்த்தேன், அவ்வளவுதான்.

டீ போடும் நேரத்தில் அவருக்கு வாய் கோணியது. நாக்கு வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. கழுத்து இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது, யாரோ பிடித்துத் திருகுவதுபோல. கண்கள் இரண்டும் மேலே செருகிவிட்டன.

கதிரேசனை ஆஸ்பத்திரி மேசையில் கிடத்தியிருந்தபோது கழுத்து அப்படித்தான் இருந்தது. இடது பக்கம் திரும்பி, மேலே பார்த்தபடி.

மதினி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "எய்யா கதிரு! வந்துட்டியாய்யா! அப்பன் மேல வந்துட்டானே எம் புள்ள!" தெரு உள்ளே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பவளக்கொடி திருநீறு கொண்டுவந்து அவர் நெற்றியில் அப்பினாள். "என்ன வேணும்னு கேளுங்க. வாய் தெறக்க முடியாம தவிக்காம்லா" என்றாள். ஆளாளுக்குக் கேட்டார்கள். கறி வேணுமா, புதுத்துணி வேணுமா, யார் மேலயும் கோவமா.

நானும் கேட்டேன். "கதிரு, அம்மா நிக்கேன்யா. பசிக்கா?" என்று கேட்டேன். அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் பாட்டில் எனக்கு ஞாபகம் இருந்தது. இருந்தும் கேட்டேன். அந்தக் கழுத்து என் பிள்ளையின் கழுத்து மாதிரியே இருந்தது.

அப்போது அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடைபட்ட குழாயில் தண்ணீர் வருவதுபோல. உதடு நிறம் மாறியது.

"ஆட்டோவக் கூப்பிடு, மேக்க கொண்டு போயிருவோம்" என்றாள் மதினி. யாரோ கயிறு எடுக்கப் போனார்கள். நான் போனை எடுத்து நூற்றெட்டுக்கு அடித்தேன். மதினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வையிட்டி போன! ஆசுவத்திரில ஊசியப் போட்டு எம் புள்ளய வெரட்டிருவானுவ!"

"வெரட்டட்டும் மதினி. இவராவது இருக்கட்டும்" என்றேன். எனக்கு எப்படி அந்தச் சத்தம் வந்தது என்று தெரியவில்லை.

ஆம்புலன்ஸில் ஒரு பெண் இருந்தாள், சின்ன வயது. கயிற்றைப் பார்த்துவிட்டு, "கட்டவெல்லாம் வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றாள். வழியெல்லாம் அவர் காதோரம் குனிந்து, "ஐயா, மூச்சு மெதுவா விடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று பேசிக்கொண்டே வந்தாள். காது கேட்கிறவரிடம் பேசுவதுபோலப் பேசினாள். அவருக்குக் காது கேட்கிறது என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் கதிரு கதிரு என்று கூப்பிட்டதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறைக்குக் கொண்டுபோனார்கள். புது பெயின்ட் வாசம். போர்டில் மனநலம் என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்ததும் கட்டிலில் கயிறு கிடக்கிறதா என்று பார்த்தேன். ஆண் நர்ஸ் ஒருவர், அருள்மணி என்று பெயர், முன்தலை நரைத்தவர். டாக்டர் ஒரு பெண், ஜெரினா. கையுறை போட்டுக்கொண்டே கேட்டார்.

"என்ன மருந்து சாப்பிடுறாரு?"

"ஒண்ணும் கெடையாதும்மா" என்றாள் மதினி. "செத்த புள்ள எறங்கியிருக்கான். வேற ஒண்ணும் இல்ல."

"மாத்திரை? சொட்டு மருந்து? தூக்கத்துக்கு எதாச்சும்?"

"நான்தான் சோறு குடுக்கேன். எனக்குத் தெரியாதா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. சில மருந்துக்கு இப்படிக் கழுத்து இழுக்கும். அதுன்னா ஒரு ஊசி போதும். வலிப்பா, ஜன்னியான்னு தேடிக்கிட்டு நின்னா இவருக்கு மூச்சு தாங்காது."

அவர் கட்டிலில் கிடந்தார். கண் மேலே இருந்தது. காது என் பக்கம் இருந்தது.

சொன்னால் இனி என் கையால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். நாய்க்கு வைத்துப் பார்த்தது பைத்தியத்தால் இல்லை, சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் இன்னொரு தடவை அந்த மேசையில் கிடத்துவார்கள்.

"சொட்டு மருந்து குடுத்தேன்" என்றேன். "அவருக்குத் தெரியாம."

"எத்தன சொட்டு?"

"எண்ணல."

புஜத்தில் ஊசி போட்டார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகியிருக்கும். நாக்கு உள்ளே போனது. கண் இறங்கியது. கழுத்து மெல்ல மெல்லத் திரும்பி நேரே வந்தது. வந்து, என் மேல் நின்றது.

"எந்தக் கொழம்புலட்டி?" என்றார். குரல் கரகரவென்று இருந்தது.

"எல்லாத்துலயும்."

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "என் சொதியிலயுமா?"

நான் தலையை ஆட்டினேன். மதினி என்னை அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஜூன் 21, சனி

அந்த அறையிலேயே வைத்திருக்கிறார்கள். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. மின்விசிறிக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறார்கள். ஏன் என்று கேட்கவில்லை, புரிந்தது.

எதுவும் சாப்பிட மாட்டேன் என்கிறார். அருள்மணி பிரதர் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே அவர் கையில் கொடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தானே பிரித்துத் தின்றார்.

என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதனால் வெளியே பெஞ்சில் இருக்கிறேன். கட்டிப்போடுவார்கள் என்று நேற்று முழுக்கக் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தேன். பிரதரிடம் கேட்டேவிட்டேன்.

"கயிறா? நான் வேலைக்குச் சேந்தப்ப உண்டும்மா. போலீஸ் ஜீப்புல கைய கட்டித்தான் கொண்டாந்து தள்ளுவாங்க. நாங்களும் பேரு ஊரு கேக்காம ஊசியப் போட்டு, கட்டில்ல கட்டி, விடிஞ்சதும் பெரிய ஊரு ஆஸ்பத்திரிக்கு ஏத்திவிட்டுருவோம். ஆளு போனாச் சரி. இப்ப மொதல்ல ஒக்காந்து பேசுன்னு சொல்லிருக்காங்க. ஊசி ஒரு நிமிசம், பேச்சு ஒரு நாளு."

"அடிக்க வந்தா என்ன செய்வீங்க?"

"குனிஞ்சுக்கிடுவேன்" என்று சிரித்தார். காதுக்குப் பின்னால் தையல் போட்ட தழும்பு இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

டாக்டர் என்னையும் உள்ளே கூப்பிட்டார். ஸ்டூலை இழுத்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்களுக்குத் தெரியாம மருந்து குடுத்தது தப்பு. எழுதிக் குடுத்தவரும் தப்பு. இங்க அப்படி நடக்காது. என்ன மருந்து, எதுக்கு, என்ன செய்யும், எல்லாம் உங்ககிட்டச் சொல்லித்தான்."

"வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லலாம். திரும்பவும் கேப்பேன்."

"நான் ரோட்டுக்குப் போவேன்னு சொன்னா?"

டாக்டர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார். "அதுக்கு மட்டும் விட மாட்டேன். அதையும் இப்பமே சொல்லிர்றேன், பிறகு ஏமாத்திட்டன்னு சொல்லக்கூடாது."

அவர் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாத்திரையைக் கேட்டு வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விழுங்கினார். நான் கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. பிரதர் பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 24, செவ்வாய்

கம்பெனிக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரி. கையில் இறால் வாடை. உள்ளே டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார், சன்னல் வழியாகக் கேட்டது.

"அவ வேண்டாம்னா. நான்தான் வண்டி வாங்கிக் குடுத்தேன். பையன் ஆசப்பட்டான். முன்பணம் கெட்டிட்டு வந்து சாவிய அவன் சட்டப் பையில போட்டேன். முழிச்சான் பாருங்க, அந்த முழி…"

அப்புறம் சத்தம் இல்லை. அவர் அழுதார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அவர் அழவே இல்லை, இடுகாட்டில்கூட. நான் சன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன். வண்டி வேண்டாம் என்று சொன்னதை நான் ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டவில்லை என்பதைத்தான் அவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போல.

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்கு ஒன்று நடந்தது.

டாக்டர் அவரிடம் ஒரு ஆளின் பெயரைச் சொல்லச் சொன்னார். திரும்பவும் இப்படி ஆகி, அவரால் பேச முடியாமல் போனால், அவருக்காகப் பேசுகிற ஆள். சட்டத்தில் அப்படி இருக்கிறதாம். அவரே சொல்ல வேண்டுமாம். வேறு யாரும் சொல்லக்கூடாதாம்.

பெஞ்சாதி பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள் என்று பிரதர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்க அக்கா" என்றார் அவர்.

வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன். கழுவக் கழுவக் கண்ணீர் நிற்கவில்லை. கோபம் இல்லை. பயம். அடுத்த தடவை அவருக்கு வாய் கட்டினால் மதினிதான் சொல்வாள். மேற்கே என்று சொன்னால்? தூணும் சங்கிலியும் கண்ணிலேயே நின்றன.

மதினி பின்னாலேயே வந்தாள். அன்றைக்குப் பிறகு என்னோடு பேசவே இல்லை. முந்தானையைப் பிடித்துக் கேட்டேன். "மதினி, அங்க கொண்டு போயிராதீங்க. ஒங்க கால்ல விழுதேன்."

"எங்கட்டி?"

"மேக்க."

மதினி படியில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "அந்த ஊசி போட்டதும் கழுத்து நேரா வந்துச்சே, நானும் பாத்தேம்லா. அப்பம் கதிரு வரவே இல்லியா ஆவுட?"

"வரல மதினி."

"நான் என்னவெல்லாம் கேட்டேன் அவங்கிட்ட. புதுச்சட்ட வாங்கித் தாரேன்னு சொன்னேனே."

"நானுந்தான் கேட்டேன்."

அவள் அழுதாள். கதிரேசன் செத்த அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை அவள். "ஒன்ன மன்னிக்கல, கேட்டியா?" என்றாள். "ஆனா அங்க கொண்டு போவ மாட்டேன்."

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரதர் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். "மறுபடி ரோட்டுக்குப் போறாரு, சாப்பிட மாட்டேங்காருன்னா போலீசுக்கோ கோயிலுக்கோ போவாண்டாம். இதுல கூப்பிடுங்க. வண்டியோட நாங்க வீட்டுக்கே வருவோம். சைரன் கெடையாது, தெரு பாக்குமேன்னு பயப்படாதீங்க." அவரிடமும் அதே நம்பரைத் தனியாகக் கொடுத்தார்.

மிச்சம் இருந்த சொட்டு மருந்தை அவர் கண் முன்னால் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினேன். பார்த்துவிட்டு உள்ளே போனார்.

ராத்திரி வாழைப்பழம் சாப்பிட்டார். தோலோடு இருந்ததை அவரே உரித்து.

ஜூலை 2, புதன்

வண்டிச் சத்தம் இன்னும் கேட்கிறதாம், ஆனால் தூரத்தில் கேட்கிறதாம். டாக்டர் நாளாகும் என்றுதான் சொன்னார். அவர் எழுந்து வாசலுக்குப் போகும்போதெல்லாம் நானும் எழுந்துவிடுகிறேன். திரும்பி வரும்வரை கையும் காலும் ஓடுவதில்லை.

ஜூலை 3, வியாழன்

அவரே அவித்த முட்டை. மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். குளிக்கும்போதுகூடச் சட்டையைக் கண் பார்வையில் மாட்டுகிறார்.

ஜூலை 5, சனி

மதினிக்குக் காய்ச்சல், வரவில்லை. அவருக்கு வீட்டில் சமைக்க ஒன்றும் தெரியாது, முட்டையைத் தவிர. மத்தியானம் நான் சமைத்து, அடுப்படியிலேயே வைத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். பசி அவர் முகத்தில் தெரிந்தது.

வந்து உட்கார்ந்தார். ஒரே தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினார். தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நீ சாப்பிடு."

எடுத்து வாயில் வைத்தேன். விழுங்கினேன். வாயைத் திறந்துகூடக் காட்டினேன், அவர் கேட்கவில்லை, நானே காட்டினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பாதிதான் சாப்பிட்டார். என் கைபட்ட சோறு.

ஜூலை 8, செவ்வாய்

லாரி ஓனரிடம் பேசினார். இப்போதைக்கு ஓட்ட வேண்டாம், ஷெட்டில் டயர் பார்க்கிற வேலை இருந்தால் சொல்லுங்கள் என்று அவராகவே கேட்டார். பைபாஸைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போக வேண்டும். தனியாக எப்படி விடுவது என்று யோசித்தேன். மதினி கூடப் போய் விட்டுவிட்டு வருவாளாம்.

ஜூலை 11, வெள்ளி

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடுவேன். இப்போது நான்தான் முதலில் சாப்பிடுகிறேன். மூன்று வேளையும். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விழுங்கி, தண்ணீர் குடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. எங்காவது ஒரு சொட்டு பழைய பாத்திரத்தில் ஒட்டியிருக்குமோ என்றுகூடப் பயந்து எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன்.

இன்றைக்கு நண்டு ரசம். ஒரு வாய் எடுத்து வைத்தேன். தலையைத் தூக்காமல் கேட்டார்.

"எப்பிடி இருக்கு வெசம்?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் வாயோரம் கொஞ்சம் கோணியிருந்தது. கழுத்து இழுத்த அன்றைய கோணல் இல்லை. பங்குனிக்கு முன்னால் அவர் சிரிக்கும்போது நான் பார்த்த கோணல்.

"உப்புதான் கம்மி" என்றேன்.

உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு, தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.